ஞாயிற்றுக்கிழமை கறியை வேக வையுங்கள், குழம்பை அன்றன்றைக்கு வையுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கோவையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒரு வருஷம். வீட்டில் நீங்கள், கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார். 6.5 லிட்டர் ஸ்லோ குக்கர், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேக வைக்கிற மின்சாரப் பானை, வாங்கியிருக்கிறீர்கள். ஞாயிறு காலையில் பன்றிக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், பட்டர்நட் பூசணி எல்லாவற்றையும் மசாலாவோடு போட்டு மூடிவிட்டுச் சாயங்காலம் திறந்தால், கறி சக்கையாக இருக்கிறது, காய் கூழாகிவிட்டது, குழம்பு தண்ணீர். அதையே நாலு நாள் ஓட்டலாம் என்றால் இரண்டாம் நாளே பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். மாமியார் பன்றி தொடமாட்டார். அதோடு சேர்ந்து வெந்த காயும் அவருக்கு ஆகாது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் கறி கிடையாது. நடுவில் கரண்ட் போனால் அந்தக் கறியைச் சாப்பிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

குக்கர் மேல் தப்பில்லை. அதில் நீங்கள் குழம்பு வைக்கப் பார்க்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: ஸ்லோ குக்கரில் கறியை மட்டும், ஏறக்குறைய வெறும் உப்போடு, வேக வைத்து எடுங்கள். மசாலா அன்றன்றைக்கு வாணலியில். காய் தனியாக ஓவனில். இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் மாமியார் பிரச்சினை, ஒரே ருசி பிரச்சினை, கூழ்க் காய் பிரச்சினை மூன்றும் சேர்ந்து தீர்ந்துவிடும்.

மசாலாவை ஏன் உள்ளே போடக் கூடாது? ஸ்லோ குக்கரில் லோ, ஹை இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே போய்த்தான் நிற்கும். ஹையில் சீக்கிரம் போகும், லோவில் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். அந்தச் சூட்டில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் வேகும், ஆனால் வதங்காது. நாம் குழம்பு வைக்கும்போது மசாலாவின் பச்சை வாசனை போவது எண்ணெயில்தான். தண்ணீரில் எட்டு மணி நேரம் கிடந்தாலும் அந்தப் பச்சை வாடை போகாது. இன்னொரு பக்கம், மல்லி, சோம்பு மாதிரி நல்ல வாசனை உள்ளதெல்லாம் ஆவியோடு போய்விடும். கிராம்பும் பட்டையும் மட்டும் ஊறி ஊறிக் கசப்பாக நிற்கும். கறி ஒரே மசாலாவில் ஊறிவிட்டால் புதன்கிழமை அதை வேறு சாப்பாடாக மாற்ற வழியே இல்லை. வெறும் உப்பில் வெந்த கறியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம்.

கறி வாங்குவதிலிருந்து தொடங்குவோம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இந்தியர்கள் நடத்தும் இறைச்சிக் கடைகள் நிறைய ஹலால் கடைகள், அங்கே பன்றி இருக்காது, கேட்கவும் வேண்டாம். சூப்பர்மார்க்கெட் கறிக் கவுன்டரிலோ பன்றி விற்கும் தனி புட்சரியிலோ போய் ஷோல்டர், அதாவது தோள்பட்டைக் கறி கேளுங்கள், இல்லையென்றால் நெக், கழுத்துக் கறி. எலும்போடு 2.5 கிலோ. சக்கையாகப் போனது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் தொடைக்கறியான லெக்கோ முதுகுச் சதையான லாயினோ வாங்கியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அவை கொழுப்பில்லாத சதை. அரை மணி, ஒரு மணி நேரம் ஓவனில் வைத்துச் சாப்பிட நன்றாக இருக்கும், எட்டு மணி நேரம் தாங்காது. ஷோல்டர் விலங்கு நாள் முழுக்க உழைக்கிற இடம். தசைக்கு நடுவில் கொலாஜன் என்கிற வெள்ளை நார் நிறைய இருக்கும். 70 டிகிரிக்கு மேலே அது மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகும். கறியின் உள்சூடு 90ஐத் தாண்டி 95 பக்கம் வரும்போது முள்கரண்டியைச் செருகி முறுக்கினாலே நார் நாராகப் பிரியும். தண்ணீர் போனாலும் அந்த ஜெலட்டின் கறியைப் பிசுபிசுவென்று வைத்திருப்பதால் வாயில் சக்கையாகத் தெரியாது. லாயினில் அந்த நார் இல்லை, அதனால் காய்ந்த துணியாகத்தான் வரும்.

வாங்கும்போது இன்னொரு எச்சரிக்கை. இங்கே கேமன், காஸ்லர், ஐஸ்பைன் என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் உப்பு ஏற்றிப் பதப்படுத்தியவை, சில புகையும் போட்டவை. பச்சைக் கறி மாதிரியே பிளாஸ்டிக்கில் சுற்றி பக்கத்திலேயே இருக்கும், நிறம் கொஞ்சம் கூடுதல் ரோஜா. அதை வாங்கி நம் அளவுக்கு உப்பும் போட்டால் வாயில் வைக்க முடியாது.

முந்தின நாள் இரவே தோலை அகற்றிவிடுங்கள். தோலோடு ஸ்லோ குக்கரில் வைத்தால் ரப்பராகும். தோலைத் தூக்கிப் போடாதீர்கள், கீழே அதற்கு வேலை இருக்கிறது. சதையை மூன்று நாலு பெரிய துண்டாக, எலும்பை ஒட்டியதை எலும்போடே விட்டு வெட்டி, கிலோவுக்கு 2 தேக்கரண்டி உப்பு தடவி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சின்னத் துண்டாக நறுக்கும் பழக்கத்தை இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். துண்டு சிறிதானால் கறி சீக்கிரம் உலரும், கடைசியில் உங்கள் கையிலிருப்பது குழம்புக்கறி மட்டும்தான். பெரிய துண்டிலிருந்து கீற்றாக அறுக்கலாம், பிய்க்கலாம், கொத்தலாம்.

காலையில் பானையின் அடியில் இரண்டு வெங்காயத்தைத் தடிமனாக அரிந்து பரப்புங்கள். அதன் மேல் கறி. நசுக்கிய இஞ்சி, ஒரு முழுப் பூண்டு, ஒரு தேக்கரண்டி முழு மிளகு, இரண்டு பிரியாணி இலை, மஞ்சள் கொஞ்சம். தண்ணீர் அரை கோப்பை போதும். இதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள். பானை மூடியிருப்பதால் ஆவி வெளியே போகாது. கறியே ஒரு லிட்டர் பக்கம் சாறும் கொழுப்பும் விடும். அடுப்பில் வைக்கிற பழக்கத்தில் கறி மூழ்கத் தண்ணீர் ஊற்றுவதால்தான் உங்கள் குழம்பு தண்ணீராக இருந்தது. நேரம் இருந்தால் கறியை முதலில் வாணலியில் எல்லாப் பக்கமும் சிவக்க வதக்குங்கள், ருசி கூடும். சாறு உள்ளேயே அடைபடும் என்று சிலர் சொல்வார்கள், அப்படி ஒன்றும் அடைபடாது. எப்படியும் திங்கள்கிழமை வறுக்கப் போகிறோம், அதனால் அலுப்பாக இருந்தால் இந்த வேலையை விட்டுவிடலாம்.

லோவில் 8 முதல் 9 மணி நேரம், ஹையில் 5 முதல் 6. பானை பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழே நிறைந்திருக்க வேண்டும். பாதிக்கும் குறைவாக இருந்தால் சீக்கிரம் காயும், விளிம்புவரை அடைத்தால் நடுவில் சூடேற நேரமாகும். நடுவில் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை மூடியைத் தூக்கும்போதும் 20, 30 நிமிஷம் கூட வேக வைக்க வேண்டிவரும். கிண்டிக்கொண்டே இருக்கும் கை நமக்கு, தெரியும். ஆனால் இந்தப் பாத்திரத்துக்கு யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்பதுதான் அதன் சௌகரியமே. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை உறைந்தபடியே வைக்கவே கூடாது. வெகுநேரம் வெதுவெதுப்பிலேயே கிடந்து கிருமி பெருகிவிடும். முதல் நாளே ஃப்ரிட்ஜில் இளக விடுங்கள்.

கரண்ட் விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023இல் பட்ட பாடு இப்போது இல்லை. 2024 மார்ச் கடைசியிலிருந்து பல மாதம், முறை வைத்துக் கரண்டை வெட்டுகிற லோட்ஷெடிங்கே இல்லாமல் ஓடியது, 2025 தொடக்கத்தில் கொஞ்சம் தலைகாட்டியது. ஆனால் டர்பனில் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது என்று கரண்ட் போக வேறு காரணங்களுக்குக் குறைவில்லை. உங்கள் குக்கர் திருகுகிற குமிழ் வைத்ததா, பட்டன் அழுத்துகிற டிஜிட்டலா என்று பாருங்கள். குமிழ் வைத்தது கரண்ட் வந்ததும் தானே தொடரும். டிஜிட்டலில் பல மாடல்கள் கரண்ட் வந்தாலும் அணைந்தபடியே கிடக்கும். நீங்கள் வேலையிலிருந்து வந்து பார்க்கும்போதுதான் தெரியும். வீட்டில் ஒருமுறை ஓடும்போது பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தால் உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துவிடும். இந்த ஊருக்கு நான் குமிழ் வைத்த மலிவு மாடலைத்தான் சிபாரிசு செய்வேன். ஸ்லோ குக்கர் 200, 300 வாட் அளவில்தான் இழுக்கும், ஓவனோ 2,000 வாட்டுக்கு மேல். அதனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் குக்கர் அதிலேயே ஓடிவிடும்.

கரண்ட் போனபோது நீங்கள் வீட்டில் இருந்தால் யோசனை எளிது. ஆறேழு மணி நேரம் ஆகிக் கறி வெந்துவிட்டிருந்தால் மூடியைத் திறக்காமல் மேலே தடித் துண்டு போட்டுச் சுற்றி வையுங்கள், இரண்டு மணி நேரம் தாங்கும். ஆரம்பத்திலேயே போய்விட்டால் காத்திருக்க வேண்டாம், உடனே கேஸ் அடுப்பில் வேறு பாத்திரத்துக்கு மாற்றி வேக வைத்துவிடுங்கள். வெளியே போயிருந்தீர்கள், திரும்பி வந்தால் கடிகாரம் எல்லாம் மின்னிக்கொண்டிருக்கிறது, எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லை என்று தெரியாது. அப்போது கறி பார்க்க நன்றாக வெந்திருந்தாலும் கொட்டிவிடுங்கள். 2.5 கிலோ கறி, வயிறு எரியும்தான். ஆனால் சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அடிக்கடி கரண்ட் போகிற பகுதியில் இருந்தால் வொண்டர்பேக் என்று ஒரு பஞ்சுப் பை இருக்கிறது, 2008இல் இந்த நாட்டில் கரண்ட் வெட்டு தொடங்கிய காலத்தில் ஸாரா காலின்ஸ் என்பவர் உருவாக்கியது. கறியை அடுப்பில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பாத்திரத்தோடு அதற்குள் இறக்கி மூடினால், கரண்டே இல்லாமல் உள்சூட்டில் மெல்ல வேகும். வெளியே எடுத்ததும் ஒருமுறை மறுபடி கொதிக்க வைக்க வேண்டும், ஏனென்றால் அது சூட்டைக் காக்கும், சூடேற்றாது.

சரி, கறி வெந்தாயிற்று. இனி செய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். துண்டுகளை வெளியே எடுத்து எலும்பைக் களைந்து, சாற்றை வடிகட்டி, எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் சேர்த்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரி டர்பன் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பானையில் கறியும் சாறுமாக மேடையில் ஆறட்டும் என்று ராத்திரி விட்டுவிடுவதுதான் ஆபத்து. மெதுவாக ஆறுகிற கறிப் பானையில் பெருகுவதற்கென்றே க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது, அதன் விதை கொதித்தாலும் சாகாது. ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் தட்டையான டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும். கனமான பீங்கான் பானையை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அது மணிக்கணக்கில் சூட்டை விடாது. அதே மாதிரி, ஆறின கறியை ஸ்லோ குக்கரில் போட்டுச் சூடாக்கவும் கூடாது. அடுப்பில், ஆவி பறக்க.

2.5 கிலோவில் எலும்பும் தோலும் கொழுப்பும் போக ஏறக்குறைய பாதி, 1.2 கிலோ பக்கம் வெந்த கறி நிற்கும். பெரியவர்களுக்கு ஆளுக்கு 150 கிராம், பிள்ளைகளுக்கு 80, 100 கிராம் என்று வைத்தால் ஒரு வேளைக்கு 500 கிராம். இரண்டு இரவுச் சாப்பாடு, அது போக டிபன் பாக்ஸுக்கும் கொஞ்சம். கீழே சொல்லும் ஞாயிறு, திங்கள், புதன் மூன்று இரவுக்கும் வேண்டுமென்றால் 3.5 கிலோ வாங்குங்கள், உங்கள் பானை தாங்கும். ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். மிச்சத்தை அன்றைக்கே கொஞ்சம் சாறு ஊற்றித் தட்டையாகப் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டால் இரண்டு மூன்று மாதம் ருசி குறையாது. சாற்றை மறுநாள் பார்த்தால் மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருக்கும், கீழே ஜெல்லி. கொழுப்பைத் தனிப் பாட்டிலில் எடுத்து வையுங்கள். பாட்டிலிலும் சாற்று டப்பாவிலும் பெரிதாகப் பெயர் எழுதி ஒட்டுங்கள், மாமியார் சாம்பாருக்கு எண்ணெய் என்று நினைத்து எடுத்துவிடப் போகிறார்.

இப்போது காய். பட்டர்நட், சர்க்கரைவள்ளி, கேரட், உருளை, கத்தரி, காலிஃபிளவர், வெங்காயம், எது வேண்டுமானாலும். நான் விடாமல் சேர்ப்பது மடும்பி. ஊரில் சேப்பங்கிழங்கு என்போமே, அதேதான். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணம் முழுக்க விளைகிறது, ஜூலுக்காரர்கள் அமடும்பே என்று வேக வைத்துச் சாப்பிடுவார்கள், ரோட்டோரத்திலும் மார்க்கெட்டிலும் மண்ணோடு குவித்து வைத்திருப்பார்கள். அதை மட்டும் பச்சையாக ஓவனில் போடாதீர்கள், தொண்டை அரிக்கும். தோலோடு வேக வைத்து உரித்து, பாதியாகப் பிளந்து கடைசி 25 நிமிஷத்துக்கு மற்ற காய்களோடு சேர்த்தால் வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். உருளையையும் உப்புத் தண்ணீரில் 10 நிமிஷம் முதலில் வேகவிட்டு, வடித்து, பாத்திரத்தோடு நாலு குலுக்குக் குலுக்கிவிட்டு வைத்தால் ஓரம் நொறுங்கும்.

ஓவன் 220 டிகிரி. ஃபேன் ஓடுகிற ஓவன் என்றால் 200. காய் ஈரமில்லாமல் துடைத்து இருக்க வேண்டும், தட்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரவி இருக்க வேண்டும். இரண்டு தட்டு வேண்டும் என்றால் இரண்டு தட்டு. நெருக்கி அடைத்தால் வறுபடாது, தன் ஆவியிலேயே அவிந்துவிடும், மறுபடி கூழ்தான். தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ, உப்பு, சீரகம், சோம்பு. மிளகாய்த்தூளை முதலில் போட்டால் கருகிக் கசக்கும், கடைசி 10 நிமிஷத்தில் தூவுங்கள். கறிவேப்பிலை கடைசி 3 நிமிஷத்தில். பட்டர்நட்டுக்கு 30, 35 நிமிஷம், கேரட்டுக்கு அதற்குக் கொஞ்சம் மேல், முன்னால் வெந்த உருளைக்கு 45, காலிஃபிளவருக்கும் கத்தரிக்கும் 25. நேரம் வேறு வேறாக இருப்பதால் சீக்கிரம் வேகிறதைப் பிறகு உள்ளே தள்ளுங்கள். ஓவன் இல்லாவிட்டால் ஏர்ஃப்ரையர், 200 டிகிரியில் கொஞ்சம் கொஞ்சமாக, பாதி நேரத்தில் முடியும்.

காயெல்லாம் வெளியே வந்த பிறகு, சூடு இருக்கும்போதே, முதலில் அகற்றி வைத்த பன்றித் தோலை வேறு தட்டில் உள்ளே வையுங்கள். முந்தின இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் மூடாமல் உலர்ந்திருக்க வேண்டும். கத்தியால் கோடு கோடாகக் கீறி உப்பு தேய்த்து 220 டிகிரியில் 30, 40 நிமிஷம் விட்டால் பொரிந்து அப்பளமாக வரும். காயோடு சேர்த்து ஒரே நேரத்தில் வைத்துவிடலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம், கொழுப்பு தெறித்தால் மாமியாருக்குக் காய் இல்லை.

ஞாயிறு இரவு கறிக்குப் பெரிய வேலை இல்லை. சாற்றில் இரண்டு கரண்டி எடுத்து வாணலியில் பாதியாகச் சுண்டவிட்டு, நுணுக்கிய மிளகு, ஒரு தேக்கரண்டி வினிகர். கறிக் கீற்று, காய், பொரிந்த தோல், பக்கத்தில் ஏதாவது ஒரு சட்னி. இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும் மிஸஸ் பால்ஸ் சட்னி பாட்டில் பன்றிக்கறிக்கு நன்றாகவே பொருந்தும். பாட்டில் பார்பிக்யூ சாஸை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள், இத்தனை நேரம் காத்திருந்ததற்கு அர்த்தமில்லாமல் போகும்.

திங்கள்கிழமைக்கு நீங்கள் கோவைக்காரர், வெண்பன்றி வறுவல் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எடுத்து வைத்த கொழுப்பில் இரண்டு கரண்டி, வரமிளகாயைக் கிள்ளிப் போட்டு, பல்லுப் பல்லாகத் தேங்காய், பூண்டு, கறிவேப்பிலை, வெங்காயம். சின்ன வெங்காயம் கிடைக்காவிட்டால் பெரியதை நீளமாக அரியலாம். அப்புறம் பிய்த்த கறி. கறி ஏற்கனவே வெந்ததுதான், அதனால் பெரிய தீயில் ஓரம் முறுகும்வரை பத்து நிமிஷம் வறுத்தால் போதும். கடைசியில் மிளகுத்தூள். ரசம், சோறு. வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து ஆறரைக்குச் சாப்பாடு தட்டில் இருக்கும். முதல் நாள் மசாலா போடாததன் லாபம் இங்கேதான் தெரியும்; இது நேற்றைய கறி என்று பிள்ளைகளுக்குத் தோன்றவே தோன்றாது.

செவ்வாய் கறி இல்லாத நாள். ஞாயிறு வறுத்த காயில் பாதியை அதற்கென்று எடுத்து வைத்திருந்தால் அன்றைக்கு நீங்கள்தான் ராணி. பட்டர்நட்டும் கேரட்டும் சாம்பாரில் போகலாம். வறுபட்டதால் இனிப்பு கூடியிருக்கும், புளி கொஞ்சம் தாராளமாக விடுங்கள். கத்தரியைத் தோலோடு மசித்துப் பச்சைமிளகாய், புளி, தாளிப்பு சேர்த்தால் கொத்சு. மடும்பியைத் தயிர்ப் பச்சடியில் போடலாம். பன்றி ஒட்டாத எண்ணெய், தனித் தட்டு என்று நான் பிடிவாதம் பிடித்ததெல்லாம் இந்த செவ்வாய்க்கிழமைக்காகவும் மாமியாருக்காகவும்தான்.

புதன்கிழமை இந்த ஊர்க் குழம்பு வையுங்கள். 1860இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்களிலிருந்து தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வைக்கிற குழம்பு நம்முடையதிலிருந்து கொஞ்சம் விலகிப் போய்விட்டது: தேங்காய் அரைப்பதில்லை, மல்லி குறைவு, மிளகாய் மசாலா அதிகம், நிறம் ரத்தச் சிவப்பு, உருளைக்கிழங்கு இல்லாமல் குழம்பே இல்லை. எண்ணெயில் பட்டை, சோம்பு, பிரியாணி இலை, வெங்காயம் பொன்னிறம். மசாலாவை எண்ணெயிலேயே ஒரு நிமிஷம் வதக்கித் தக்காளி. தக்காளி மசிந்து எண்ணெய் பிரிந்ததும் உருளையைப் போட்டு, தண்ணீருக்குப் பதில் ஞாயிறு ஜெல்லி. உருளை வெந்த பிறகுதான் கறி. ஐந்து நிமிஷம் கொதித்தால் போதும், மேலே போனால் நூலாகிவிடும். முழு பிரெட்டைக் கால் கால் பகுதியாக வெட்டி நடுவில் குடைந்து குழம்பை ஊற்றி, வினிகரில் துருவிய கேரட்டோடு கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இந்தக் குடைந்த பிரெட்டுக்கு இங்கே பன்னி சௌ (bunny chow) என்று பெயர்; பன்றிக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, அதில் மரபாகப் போடுவது மட்டனும் கோழியும் பீன்ஸும்தான். பன்றி போட்டதைப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆண்ட்டி ஒரு மாதிரிப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக்குள் உங்கள் இஷ்டம். ஆனால் தெருவில் எல்லாரும் சேர்ந்து போடுகிற பிராய்க்கு, அதாவது வெளியே கறி சுடுகிற விருந்துக்கு மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். முஸ்லிம் வீட்டாரும் பன்றி விலக்கும் இந்து வீட்டாரும் ஒரே கம்பி அடுப்பில் சுடுகிற ஊர் இது.

டிபன் பாக்ஸுக்குப் பிய்த்த கறியை மிளகோடு வறுத்து ரொட்டியில் சுருட்டிக் கொடுக்கலாம். பிள்ளைகள் போலோனி கேட்டு அடம் பிடிக்கிற வீடுகளுக்கு இது நல்ல மாற்று. 2017, 2018இல் இந்த நாட்டில் லிஸ்டீரியா பரவி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, இருநூறுக்கு மேல் செத்தார்கள். போலோனி மாதிரி உடனே தின்கிற பதப்படுத்திய இறைச்சிதான் காரணம் என்று 2018 மார்ச்சில் அறிவித்தார்கள். அந்தக் கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். ஆகவே வீட்டுக் கறியானாலும் காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவிட்டு, ஐஸ் பேக் வைத்துத்தான் கொடுத்தனுப்ப வேண்டும். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் ஆறின கறியை அப்படியே சாப்பிடவே வேண்டாம்.

மாமியாருக்காக இரண்டாவது குக்கர் வாங்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தாராளமாக. 3 லிட்டர் சின்னது போதும். பீங்கான் பானையை என்ன தேய்த்தாலும் மூடியின் ரப்பரிலும் ஓரத்திலும் பன்றிக் கொழுப்பு வாசம் நிற்கும், மூக்கு கூர்மையானவர்களுக்கு அது தெரியும். அகப்பையும் தனியாக வைத்துவிடுங்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் புரட்டாசியில் மாதம் முழுக்கக் கறி தொடமாட்டார்கள், உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் செப்டம்பர் நடுவுக்குள் ஃப்ரீசரில் இருக்கிற பன்றிக்கறியைத் தீர்த்துவிடுங்கள்.

அந்த மாதம் சின்னக் குக்கரில் இந்த ஊர் ஷுகர் பீன்ஸ் வைக்கலாம், ஒன்றே ஒன்று கவனம். ராத்திரி ஊறிய பீன்ஸை நேரே ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். சிவப்புக் காராமணியைவிட அளவில் பெரிதான ராஜ்மாவிலும் அதன் இனத்தைச் சேர்ந்த இந்த பீன்ஸிலும் லெக்டின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது, ராஜ்மாவில் ரொம்ப அதிகம். லோ சூட்டில் அது அழியாது, வாந்தி பேதியில் கொண்டுபோய் விடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் 10 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு அப்புறம் குக்கருக்கு மாற்றுங்கள். லோவில் எட்டு மணி நேரம். உப்பை எப்போது வேண்டுமானாலும் போடலாம், தக்காளியும் புளியும் மட்டும் பீன்ஸ் மெத்தென்று வெந்த பிறகு.